கைக்குட்டையும் நாஞ்சில் நாடும்

திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம், லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்னும் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவியது. ஆயினும் அதன் ஐந்து அங்க அமைப்பும் அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியும் சேக்சுபியரையே நமக்கு நினைவூட்டுகின்றன. ஒதெல்லோ தன் மனைவி தெஸ்திமோனாவை ஐயுற்றுக் கொல்வதற்கு இயாகோ பயன்படுத்தியது ஒரு கைக்குட்டை. குடிலனுக்கோ நம் நாஞ்சில் நாடே கைக்குட்டையாயிற்று! சேரன் புருடோத்தமனிடம் மணத்தூது செல்லவேண்டிய வேளையில், தன் மகன் பலதேவனை அனுப்பி இந்நாட்டைக் கேட்கச் செய்கிறான், போர் மூள்கிறது. நம் வயல்களின்மேல் அவனுக்கு ஆசையில்லை. பாண்டியன் சீவகனின் அரியணையே குறி.

அரச குலத்தைக் காக்கவெனச் சுந்தர முனிவர் அமைத்த சுரங்கத்தின் வழியாகவே குடிலன் காட்டிக்கொடுக்கப் போகிறான். சேரன் அவனை விலங்கிட்டு அதே வழியில் கொண்டுவருகிறான். பலதேவனுக்கு மாலையிட நின்ற மனோன்மணி, கனவில் கண்டவனை நேரில் கண்டு அவனுக்கே சூட்டுகிறாள். தெஸ்திமோனாவுக்குக் கிட்டாத அந்த ஒரு நொடி இவளுக்குக் கிட்டியது. துன்பியலின் விளிம்பிலிருந்து கதையை மீட்டது துரோகியின் காலடிதான்.

சுரங்கம் லிட்டன் தந்தது. நாஞ்சில் நாட்டு வழக்கோ சுந்தரனாரே சேர்த்தது. அவர் 1897-இல் மறைந்தார். அந்த மண் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று.