ஒட்டுவதா, செருகுவதா?

பெரிய மாதிரி ராக்கெட்டில் நீண்ட மரத் துடுப்புகளைப் பொருத்த இரண்டு வழிகள் உண்டு. துடுப்பின் அடியைக் குழாயின் மேற்பரப்பிலேயே ஒட்டுவது ஒன்று. குழாயில் நெடுகக் காடி வெட்டி, துடுப்பின் நாக்கை உள்ளே செருகி, உள்ளே மோட்டாரைத் தாங்கும் மோட்டார் குழாயோடும் சேர்த்து ஒட்டுவது மற்றொன்று. அமெரிக்காவின் எஸ்டெஸ் நிறுவனம் தரும் பிக் பெர்த்தா முதல் வகை. சுமார் 42 மி.மீ. விட்டமுள்ள காகிதக் குழாயின் மேல் பால்சா துடுப்புகள் ஒட்டப்படுகின்றன. லாக் பிரிசிஷன் நிறுவனத்தின் 4 அங்குல ராக்கெட்டுகள் பிளைவுட் துடுப்புகளைச் செருகும் இரண்டாம் வகை.

இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: கோடு போடுவது. காகிதப் பட்டையால் குழாயின் சுற்றளவை எடுத்து, மூன்றாகவோ நான்காகவோ மடித்துக் குறிக்க வேண்டும். குறித்த இடத்தில் அலுமினியம் ஆங்கிளைக் குழாயின் மேல் கவிழ்த்து வைத்தால், அது அச்சுக்கு இணையாகத் தானே படிந்துவிடும். அதன் விளிம்பை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் போதும்.

இந்தக் கோட்டிலிருந்து துடுப்பு திரும்பியிருந்தால் ராக்கெட் சுழலும், உயரம் குறையும். பக்கவாட்டில் சற்றுச் சாய்ந்து நிற்பது அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை. திரும்பாமல் ஒட்டுவதில் துடுப்பின் நீளம் நமக்குச் சாதகம். 8 செ.மீ. அடியுள்ள துடுப்பின் ஒரு முனை 1 மி.மீ. விலகினால் கோணம் ஏறக்குறைய 0.7 டிகிரி தப்பும், 30 செ.மீ. அடியில் அதே விலகல் 0.2 டிகிரிதான். ஆனால் நீண்ட பலகை வளைந்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

ஒட்டும் முறையில், பசை இறுகும்வரை துடுப்பை நகர்த்தித் திருத்தலாம். மரப்பசையை இருபுறமும் மெல்லத் தடவிக் காயவிட்டு, மறுபூச்சு கொடுத்து அழுத்தினால் விரைவில் பிடித்துக்கொள்ளும். வளைந்த பலகை மட்டும் தன் பழைய வடிவுக்கே திரும்பப் பார்க்கும். செருகும் முறையில் காடியே பலகையின் அடியை நேராக்கிப் பிடிக்கும். காடி கோணலாக வெட்டப்பட்டிருந்தால் துடுப்பும் கோணல்தான். பிறகு திருத்த அதிக இடமில்லை.

வலிமையில் போட்டியே இல்லை. மேலே ஒட்டிய துடுப்பு குழாயின் வெளித்தாளை மட்டுமே நம்பி நிற்கிறது. தரையில் பலமாக மோதினால் தாளை உரித்துக்கொண்டு வந்துவிடும். செருகிய துடுப்போ மோட்டார் குழாயில் ஒன்று, சுவரின் உட்புறத்தில் ஒன்று, வெளிப்புறத்தில் ஒன்று என மூன்று இணைப்புகளில் நிற்கிறது. அதற்கு விலை எடை. எப்பாக்சியும் பிளைவுட்டும் வாலில் சேரச் சேர ஈர்ப்பு மையம் பின்னே நகரும், நிலைப்பு குறையும். மூக்கில் எடை வைத்து ஈடுகட்ட வேண்டிவரும்.

ஆகவே பால்சாவுக்கும் சிறிய மோட்டாருக்கும் ஒட்டுவதே போதும். துடுப்பும் குழாயும் சேரும் மூலையில் பசையை வழித்து விட்டால் பலம் கூடும். நீண்ட, கனத்த பிளைவுட் துடுப்புக்குச் செருகுவதே சரி. அப்போதும் ஒட்டும் முறையின் நல்ல குணத்தைக் கைவிட வேண்டாம். காடியைப் பலகையின் தடிமனைவிட ஒரு மயிரிழை அகலமாக வெட்டுங்கள். பசையில்லாமல் செருகி, அட்டையில் வெட்டிய சட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். நாலாபுறமும் கோட்டோடு ஒத்த பிறகே எப்பாக்சியைக் கலக்குங்கள்.