ஏற்பி

பெங்களூர் மல்லேஸ்வரத்து மருந்துக் கடையொன்றில் கிடைத்த தமிழ்த் துண்டுப் பிரசுரத்தில், பிட்யூட்டரியிலுள்ள ‘ஈஸ்ட்ரோஜன் வரவேற்பாளர்களை’ப் பற்றி வாசித்துச் சிரித்தேன், ‘ரிசெப்டர்’ என்பதற்கு ‘ஏற்பி’ என்று நம் பாடநூல்கள் வழங்குவதை அப்பிரசுரகர்த்தர் அறியார் போலும். ‘ஏல்’ என்னும் அடியிற் பிறந்த ஏற்றலுக்கு, அங்கீகரித்தல் என்னும் இன்றைய பொருளன்றி, பிச்சை பெறுதல், போரில் எதிர்நிற்றல் என்னும் பழம்பொருள்களும் உண்டு. ஆனால் பிச்சைப் பாத்திரம்போல் வாளாவிருக்கும் பண்டமன்று ஏற்பி என்னும் இந்தப் புரதம்: ஹார்மோன் பற்றியதும் தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டு ஜீன்களைத் தூண்டியும் அடக்கியும் காரியம் புரிவது, அன்றியும், இவ்வூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் மௌட்கல் பல்லாண்டு ஆராய்ந்த லூட்டினைசிங் ஹார்மோனைச் சுரக்கும் அந்தப் பிட்யூட்டரியிலேயே, ஈஸ்ட்ரோஜன் தான் பற்றிய ஏற்பிகளைச் சிதைவுக்குள்ளாக்கித் தன் பிரபாவத்துக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்ளும் விநோதமும் நிகழ்கிறது. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘வாங்கி’ கடைத்தெருவை நினைவூட்டுகிறதெனச் சிலர் ஒதுக்குவர்; வில்லை வாங்குதலென்றால் இழுத்து வளைத்தல் என்பது பழைய வழக்காதலால், ஹார்மோன் தொட்டதும் வளைந்துகொடுக்கும் இப்பொருளுக்கு அதுவே பொருந்துமென்பது என் அபிப்பிராயம். பிட்யூட்டரியை இலங்கைத் தமிழர் ‘கபச்சுரப்பி’ என்பதைத்தான் ஒப்பேன். மூளையின் கபம் அவ்வழியே மூக்குக்கு வடிகிறதென்ற யவன வைத்தியர் கேலனின் கொள்கை லத்தீன் பெயரோடு ஒட்டிவந்ததேயன்றி, அச்சுரப்பிக்கும் கபத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.