பயந்து சாகும் பன்றி

பன்றியைப் பற்றியுமா ஒரு கட்டுரை என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கதை எழுதுகிறவனுக்கு வேண்டியது ஒரு ரகசியம். அது அரண்மனையில் ஒளிந்திருந்தால் என்ன, பன்றிப் பட்டியில் ஒளிந்திருந்தால் என்ன?

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கொழுத்த பன்றிதான் நல்ல பன்றி. சமையலுக்கும் சோப்புக்கும் அதன் கொழுப்பு வேண்டியிருந்தது. தாவர எண்ணெய் மலிந்ததும் நகரத்து ஜனங்கள், "கொழுப்பு வேண்டாம், சதையைக் கொடு" என்றார்கள். டென்மார்க்கில் 1907-லேயே இதற்கென்று சோதனை நிலையம் ஏற்பட்டது. ஒரு தாய் வயிற்றுக் குட்டிகளுக்கு ஒரே மாதிரித் தீனி போட்டு வளர்த்து, வெட்டிய பின் முதுகுக் கொழுப்பை அளந்து பார்ப்பார்கள். கொழுப்புக் குறைந்த குட்டிகளைப் பெற்ற தாய் தகப்பனுக்கே இனம் பெருக்கும் பாக்கியம். பெல்ஜியத்தில் பியெட்ரேன் என்ற கிராமத்தின் பெயர் கொண்ட புள்ளிப் பன்றி, இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பிறகு பெரும் புகழ் பெற்றது. பயில்வானைப் போன்ற தொடைகள் அதற்கு.

ஆனால் இந்தப் பயில்வான்களில் பலவற்றுக்கு நெஞ்சுரம் இல்லை. லாரியில் ஏற்றினாலோ, ஒன்றோடொன்று சண்டை போட்டாலோ, உடல் கொதித்து, கால் விறைத்து, செத்து விழுந்தன. பிழைத்துக் கசாப்புக் கூடம் சேர்ந்தவற்றின் மாமிசமோ வெளிறித் தொளதொளத்து நீர் கசிந்தது.

இந்த இடத்தில் பன்றியை விட்டு ஒரு மனிதனிடம் போக வேண்டியிருக்கிறது. 1960-ல் மெல்போர்ன் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கால் முறிந்த 21 வயது வாலிபன் ஒருவன் வந்தான். காலைப் பற்றி அவனுக்கு அவ்வளவு கவலையில்லை. மயக்க மருந்தை நினைத்துத்தான் நடுங்கினான். அவன் உறவினரில் 10 பேர் மயக்க மருந்துக்குப் பலியாகியிருந்தார்கள். அவனுக்குக் கொடுத்தது ஹாலோதேன் என்ற புது மருந்து. அதற்கும் உடல் கொதித்தது, நல்லவேளை, பிழைத்தான். டென்பரோ என்ற வைத்தியர் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் துருவி, இது பரம்பரையாக வருவது என்று கண்டார்.

1966-ல் இங்கிலாந்தில் சில பன்றிகளுக்கு ஹாலோதேனும், தசையைத் தளர்த்தும் மருந்து ஒன்றும் கொடுத்தபோது அதே கொதிப்பு, அதே விறைப்பு! ஹாலந்துக்காரர்கள் 1974-ல் இதையே சோதனையாக்கினார்கள். குட்டியின் முகத்தில் மூடியை வைத்துச் சில நிமிஷம் ஹாலோதேனைச் சுவாசிக்கச் செய்வது. கால் விறைத்தால் இனத்துக்கு ஆகாது. அடுத்த வருஷமே கேப்டவுனில் ஹாரிசன் என்பவர், இத்தகைய பன்றிகளுக்கு டான்ட்ரோலீன் என்ற மருந்தைக் கொடுத்துச் சாவிலிருந்து மீட்டார். இன்று ஆபரேஷன் மேஜையில் உடல் கொதிக்கும் மனிதர்களைக் காப்பாற்றுவதும் அந்த மருந்துதான்.

ரகசியம் 1991-ல் வெளிப்பட்டது. தசைக்குள் கால்ஷியத்தைத் திறந்துவிடும் மதகு ஒன்று இருக்கிறது. அதை அமைக்கும் மரபணுவில் 1843-வது எழுத்து மாறியிருந்தது. ஒரே ஓர் எழுத்து! மதகு எளிதில் திறந்துகொள்கிறது. தசை ஓயாமல் இறுகி உஷ்ணம் ஏறுகிறது. அதே மாற்றம் சில மனிதக் குடும்பங்களிலும் தெரியவந்தது. கனத்த சதை கொண்ட ஐந்து பன்றி இனங்களிலும் அந்த எழுத்து ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்றார்கள் டொரான்டோ விஞ்ஞானிகள்.

ஹாலோதேன் சோதனையில், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் கூறைப் பெற்ற குட்டிதான் அகப்படும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றது தப்பிவிடும். டி.என்.ஏ. பரிசோதனை இரண்டையும் காட்டிக் கொடுத்தது. பல நாடுகள் அந்தக் கூறைக் களைந்தன. சதை சற்றுக் கூடுகிறதே என்று கிடாப் பன்றிகளில் அதைத் தெரிந்தே வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

சதைக்கு எப்போதும் இப்படி உயிரையே விலை கொடுக்க வேண்டுமென்பதில்லை. 2003-ல் ஸ்வீடனின் உப்சாலா விஞ்ஞானிகளும் அவர்கள் கூட்டாளிகளும் வேறோர் எழுத்தைக் கண்டார்கள். அது சதையைக் கூட்டி முதுகுக் கொழுப்பைக் குறைக்கிறது. தகப்பன் வழியாக வந்தால் மட்டுமே வேலை செய்கிறது.

என் மனம் என்னவோ அந்தப் பழைய மூதாதையிடமே நிற்கிறது. அதை வளர்த்தவன் கெட்டவனல்ல. சந்தை கேட்டதை அவன் தேடினான். தொடையைத் தட்டிப் பார்த்து, "இது இருக்கட்டும்" என்றிருப்பான். தொடைதான் அவன் கைக்குத் தட்டுப்பட்டது. கூடவே ஒட்டிக்கொண்டு வந்த மரணத்தைத் தொட்டுப் பார்க்க, உலகத்தில் அன்று யாருக்கும் கை இருக்கவில்லை.