கட்டளைவரிப் பணிப்பட்டியலின் வரலாறு

கட்டளைவரிப் பணிப்பட்டியல் என்பது, செய்யவேண்டிய வேலைகளைக் கணினி முனையத்தில் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே பதிவதும் வரிசைப்படுத்துவதும் முடிந்தவற்றைக் குறிப்பதும் ஆகும். சுட்டியும் பொத்தான்களும் இதற்குத் தேவையில்லை. இவ்வகைக் கருவிகள் பலவற்றில் பட்டியல் என்பது பயனரின் கணினியிலுள்ள ஓர் எளிய உரைக்கோப்பு மட்டுமே. திறன்பேசிச் செயலிகள் பெருகிய பின்னும் இம்முறை நிலைத்திருப்பதற்கு அந்தக் கோப்பே முக்கியக் காரணம்.

யூனிக்ஸ் இட்ட அடித்தளம்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். ஒரு நிரல் ஒரு வேலையைச் செம்மையாகச் செய்யவேண்டும், நிரல்கள் உரை வழியே இணைந்து இயங்கவேண்டும் என்ற கொள்கை அங்கு வளர்ந்தது. டக் மெக்கில்ராயின் யோசனையில் பிறந்து 1973இல் சேர்க்கப்பட்ட 'குழாய்' வசதி, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாக்கியது. வரிக்கு ஒரு வேலை என்று எழுதிவைத்தால் போதும். தேட 'கிரெப்', வரிசைப்படுத்த 'சார்ட்' எனத் தேவையான கருவிகள் முன்பே இருந்தன.

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'காலண்டர்' என்ற நினைவூட்டும் கட்டளை இருந்தது. பயனர் தம் வேலைகளைத் தேதியுடன் ஒரு கோப்பில் எழுதிவைப்பார். அக்கட்டளை இன்றைய அல்லது நாளைய தேதி உள்ள வரிகளை மட்டும் காட்டும். வார இறுதி வந்தால் 'நாளை' என்பது திங்கட்கிழமை வரை நீளும். அதிகாலையில் இது தானாக ஓடி, எல்லாப் பயனர்களின் கோப்புகளையும் பார்த்து, உரியவருக்கு அஞ்சல் அனுப்பும்படியும் அமைக்கலாம். இன்றைய செயலிகள் அனுப்பும் நினைவூட்டல்களின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

உரைக்கோப்பின் மறுமலர்ச்சி

2001இல் வெளியான டேவிட் ஆலனின் 'கெட்டிங் திங்ஸ் டன்' நூல், மனத்தில் கிடக்கும் வேலைகளை எழுதிவைத்து, அவற்றைச் செய்யும் இடம், சூழல் வாரியாகப் பிரிக்கும் முறையைப் பரப்பியது. கணினித் துறையினரிடம் இது வேகமாகப் பரவியது. 2003இல் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக், ஈமாக்ஸ் உரைத்தொகுப்பிக்குள் இயங்கும் 'ஆர்க் மோட்' கருவியை உருவாக்கினார். குறிப்புகளும் பணிகளும் அதில் ஒரே உரைக்கோப்பில் அமைந்தன.

2006இல் 'லைஃப்ஹேக்கர்' தளத்தின் நிறுவன ஆசிரியர் ஜினா டிரபானி, 'டூடூ டாட் டெக்ஸ்ட்' என்னும் சிறு ஷெல் நிரலை வெளியிட்டார். அதன் இலக்கணத்தைச் சில நிமிடங்களில் கற்கலாம். வரிக்கு ஒரு பணி. தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் ஆங்கிலப் பெரிய எழுத்து முன்னுரிமையைக் காட்டும். கூட்டல் குறி திட்டத்தையும், @ குறி சூழலையும் சுட்டும். எடுத்துக்காட்டு:

கட்டுரையைத் திருத்து +ஆய்வேடு @நூலகம்

முடிந்த பணியின் முன் 'எக்ஸ்' என்ற சிறிய எழுத்து சேரும். பிறகு அது தனிக் கோப்புக்கு நகரும். இந்த நிரல் இல்லாமலேயே எந்த உரைத்தொகுப்பியிலும் பட்டியலைத் திருத்தலாம். இவ்வடிவத்தைப் படிக்கும் பல செயலிகளைப் பிறரும் எழுதினர்.

டாஸ்க்வாரியர்

2008இல் பால் பெக்கிங்காம் தொடங்கிய 'டாஸ்க்வாரியர்' வேறு திசையில் சென்றது. கெடு தேதி, ஒன்றையொன்று சார்ந்த பணிகள், திரும்பத் திரும்ப வரும் பணிகள் ஆகியவற்றை அது கையாண்டது. முன்னுரிமை, கெடு, பணியின் வயது முதலியவற்றைக் கொண்டு 'அவசர மதிப்பு' கணக்கிட்டு, அடுத்துச் செய்யவேண்டியதை மேலே காட்டியது. வசதி கூடியபோது எளிமை குறைந்தது. முதலில் உரைக்கோப்பில் இருந்த அதன் தரவு, 2024இல் வந்த மூன்றாம் பதிப்பில் எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு மாறியது. அதனால் அதை நேரடியாகத் திறந்து படிக்கும் வாய்ப்பு போயிற்று. எனினும் தரவை ஜேசன் வடிவில் ஏற்றுமதி செய்ய முடியும்.

பட்டியல் யாருடையது?

இவ்வரலாற்றின் மையக் கேள்வி இதுவே. 'ஆஸ்ட்ரிட்' என்ற பணிப்பட்டியல் சேவையை 2013இல் வாங்கிய யாகூ, அதே ஆண்டில் அதை மூடியது. பெர்லினில் பிறந்த 'வுண்டர்லிஸ்ட்' 2015இல் மைக்ரோசாஃப்ட் வசமாகி, 2020 மே மாதம் நிறுத்தப்பட்டது. அவற்றின் பயனர்கள் தம் பட்டியலை வேறிடத்துக்கு மாற்றவேண்டியதாயிற்று. உரைக்கோப்புக்கு இந்த நிலை இல்லை. அதை உருவாக்கிய நிரல் மறைந்தாலும் கோப்பைப் படிக்க முடியும். ஆனால் காப்புநகல் எடுப்பதும், கணினிக்கும் திறன்பேசிக்கும் இடையே ஒத்திசைப்பதும் பயனரின் பொறுப்பாகின்றன.

தமிழில் பட்டியல் எழுதுவோருக்கும் இவ்வரலாற்றில் தொடர்புண்டு. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் யுடிஎஃப்-8 குறியாக்கத்தை வடிவமைத்தனர். அதன்படி ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளில் அமைகிறது. 'கிரெப்' கொண்டு தமிழ்ச் சொல்லைத் தேடுவதில் சிக்கல் இல்லை. முனையங்கள் சம அகலக் கட்டங்களில் எழுத்துகளை அடுக்குவதால், 'கொ' போன்ற எழுத்துகள் சிலவற்றில் இன்னும் சிதைந்து தெரிகின்றன. ஆனால் அது திரையில் மட்டுமே நேரும் குறை; கோப்பிலுள்ள தமிழ் மாறுவதில்லை.