அறல் படிந்த கூந்தல்

மகளிர் கூந்தலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் ஐம்பால் என்பது தனிச்சிறப்புடையது. குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என ஐவகையாக ஒப்பனை செய்யப்படுதலின் இப்பெயர் பெற்றது என்பர் உரையாசிரியர். பெயர்கள் நிலைத்தன; வடிவங்கள் நிலைக்கவில்லை. கொண்டை இன்றும் வழக்கில் உள்ளது. பனிச்சை எவ்வாறு முடிக்கப்பட்டது என்பதை எந்த ஊர்ப் பாட்டியிடமும் கேட்டறிய இயலாது. ஒரே கூந்தலை ஐந்து பகுதியாக வகுத்தனரா, ஐந்தும் வெவ்வேறு முடிப்புகளா என்பதே ஐயத்திற்கு இடமாய் உள்ளது.

ஏனாத்தூருக்குக் காஞ்சி மாநகரின் மறுகோடியில் நிற்கும் கைலாசநாதர் கோயில் இதற்கு விடை தரும் என எதிர்பார்ப்பது இயல்பே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயில் அது. ஆனால் அங்குத் தேவியர் தலையை மகுடம் மறைத்துவிடுகிறது. மணற்கற் சிற்பங்கள் பலவற்றின்மேல் பிற்காலத்தார் சுதை பூசித் திருத்தியும் உள்ளனர். கல் காட்டுவது எது, சுதை காட்டுவது எது எனப் பிரித்தறியாமல் அவற்றைக் கொண்டு பல்லவர் காலக் கூந்தலைப் பேசுவது பிழையாகும்.

சிற்பத்தில் தெளிவாகாத ஒன்றைச் சொல் காத்துவைத்திருக்கிறது. நீர் வடிந்தபின் ஆற்றுமணலில் நெளிநெளியாக நிற்கும் வரியும், அங்குப் படியும் கருமணலும் அறல் எனப்பட்டன. சங்கப் புலவர் பலர் மகளிர் கூந்தலுக்கு இதனையே உவமையாக்கினர். கருமை, நெளிவு, மென்மை மூன்றும் ஒரே உவமையில் அடங்கிவிடுகின்றன. நெய் பூசி, அகிற்புகை ஊட்டி உலர்த்திய கூந்தலின் இயல்பான நெளிவு அது. பாலாற்று மணலில் நடந்தவருக்கு உரை தேவைப்படாது.

இருபதாம் நூற்றாண்டில் வந்த அலையோ கருவியால் ஆனது. பாரிசு நகரத்து மார்செல் கிராத்தோ 1870களில் சூடேற்றிய இடுக்கியால் கூந்தலை நெளியச் செய்தார். 1920களில் ஈரக்கூந்தலை விரலாலும் சீப்பாலும் அலையாக்கும் முறை மேலைநாடுகளில் பரவியது. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்த் திரை பேசத் தொடங்கியபின், ஆங்கிலப் படங்களின் இந்த ஒப்பனை இங்கும் நுழைந்தது. 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்தின் நாயகியான டி. ஆர். ராஜகுமாரியின் அக்காலப் புகைப்படங்கள் இதற்குச் சான்று. நெற்றியோரம் அலை, பின்னே தமிழ்நாட்டுப் பூச்சரம்! வீட்டுப் பெண்டிர் அன்றும் பின்னலையும் கோடாலி முடிச்சையும் விட்டாரல்லர். பின்னல் நுனியில் பட்டுநூற் குஞ்சலம் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

பனிச்சைக்குப் பெயர் உண்டு, படம் இல்லை. ராஜகுமாரியின் அலைக்குப் படம் உண்டு; தமிழ்ப் பெயரை எவரும் இடவில்லை. இடுக்கியால் வந்த நெளிவை அறல் என்பது பொருந்துமா என்று இலக்கணம் நோக்குவோர் தயங்கலாம். மணலில் வரி எழுதிய நீரும் வடிந்தே போயிற்று, வரிக்குத்தான் பெயர். ஆதலின் அப்பெயர் இதற்கும் பொருந்தும். இன்று காஞ்சிப் பட்டு உடுத்து மணவறை ஏறும் பெண்ணின் நெற்றியோரத்தில் மின்கருவி படியவைக்கும் நெளிவை அழகுநிலையத்தார் 'வேவ்' என்கின்றனர்.