மண்சரிவு மலையில் ஆவணங்களுக்கு இன்னொரு பிரதி

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயன்களோடு ஆவணங்களும் புதைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் சரிந்தது.

எங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து லினக்ஸ் கணினியின் ஹோம் கோப்புறையில் வைத்திருக்கிறேன். அதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதியெடுப்பது சில வரி ஷெல் ஸ்கிரிப்ட். உள்ளே ஆர்சிங்க்; மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும்.

தினமும் இரவு 8 மணிக்கு அதை இயக்குவது கிரொன். அந்நேரம் கரண்ட் இல்லாவிட்டால் அன்றைய பிரதி விடுபடும். அனாகிரொன் என்றால், கணினி மீண்டும் இயங்கியதும் விடுபட்டதைச் செய்யும். எங்கள் பக்கத்துக்கு அதுதான் சரி.

டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் முதலில் பார்க்கவேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிரதி அதே கணினிக்குள்ளேயே போய்விழும். ஆர்சிங்கின் அழிக்கும் தெரிவையும் சேர்க்காதீர்கள்: இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும்.

டிஸ்க்கும் அதே லயத்தில் இருந்தால் என்ன பயன்? என்னிடம் இரண்டு. மாதம் ஒருமுறை மாற்றி, ஒன்றைப் பண்டாரவளையில் மாமா வீட்டில் வைக்கிறேன்.