ஏரி உடையும் நேரத்தில் யாருக்கு அதிகாரம்?

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை, குடத்தில் இட்ட ஓலைச்சீட்டுகளை எடுத்து உறுப்பினரைத் தேர்ந்த குடவோலைத் தேர்தலுக்காகவே புகழ்கிறோம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சபை எடுத்து அவற்றில் பொறித்த முடிவுகளில் ஆபத்துக்கால ஆட்சியைப் பற்றிய தெளிவும் இருக்கிறது என்பேன். ஏரியை நம்பிய ஊருக்கு உடைப்பைவிடப் பெரிய ஆபத்து ஏது? அந்த ஏரியைச் சபை தனியொரு தலைவனிடம் விடவில்லை. ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்திடம் கொடுத்தது. பதவிக்காலம் 360 நாள். குற்றம் கண்டால் உடனே நீக்கம். கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு வர முடியாது.

நெருக்கடியில் ஒரு கை ஓங்கினால்தான் வேலை நடக்கும் என்பார்கள். வெள்ளம் வந்தபின் ஆளைத் தேடும் ஊருக்கு அது பொருந்தலாம். இங்கோ பொறுப்பாளர்கள் ஆண்டு முழுதும் இருந்தார்கள். அது நிலமுள்ள, வேதம் கற்ற பிராமண ஆண்களின் சபை என்ற மறுப்பு முற்றிலும் நியாயமானது. அந்த விலக்கலை நாம் மீண்டும் ஏற்க முடியாது. ஆனாலும் ஏரிப் பொறுப்பை ஊரிடமே வைத்த அந்த முறையிலிருந்து கற்கலாம். இன்றோ 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைமையை மாவட்ட ஆட்சியருக்குத் தருகிறது. ஊராட்சி அவர் சொல்வதைச் செய்யும் அமைப்பாக நிற்கிறது. எல்லோரும் வாக்களிக்கும் இன்றைய ஊராட்சிக்குத் தன் ஏரிக்கரையைக் காக்கும் அதிகாரத்தையும், அதற்குக் கணக்குச் சொல்லும் கடமையையும் சேர்த்தே கொடுங்கள்.